அஞ்சுக்கு அடுத்த நம்பர்

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆபீசில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள். "அங்கிள், பிசியா?" என்றாள். ஓய்வு பெற்றவனிடம் கேட்கிற கேள்வியா இது? சுங்கை வேயில் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, எதிர்வீட்டுக்காரன் காரை நிறுத்தத் தெரியாமல் முன்னும் பின்னும் இழுத்தடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ரொம்ப பிசி, சீக்கிரம் சொல்லு" என்றேன்.

ஆபீசில் இப்போது மொழிபெயர்க்க ஒரு போன் கொடுத்துவிட்டார்களாம். எதிரே இருப்பவர் தமிழில் பேசினால் அது மலாயில் சொல்லும். அன்று காலை, இங்கே ஒருவரைக் கட்டிக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண் ஒருத்தி, "எங்க வீட்டுக்காரர்கூடத்தான் இருக்கேன்" என்றிருக்கிறாள். போன் கூச்சநாச்சமே இல்லாமல் 'துவான் ரூமா' என்று சொல்லிவிட்டது. மலாயில் அப்படியென்றால் வீட்டுச் சொந்தக்காரர், வாடகை வாங்குகிறவர். "வாடகைக்கு விட்டவர் ரூம்ல உனக்கு என்ன வேலை? உன் புருஷன் எங்கே?" என்று அதிகாரி கேட்க, அந்தப் பெண் ஓவென்று அழுதிருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வந்து, குடித்துக்கொண்டிருந்த தே தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. அப்புறம் கோபம் வந்தது. இத்தனை வருஷம் நான் பார்த்த வேலையை ஒரு போனிடம் கொடுத்திருக்கிறார்கள், அதற்குப் புருஷன் யார் என்றே தெரியவில்லை.

"அங்கிள், நீங்க இருந்தப்ப நடந்ததெல்லாம் எழுதிக் குடுங்களேன் லா. புதுசா வர்றவங்க படிக்கட்டும்" என்றாள் கவிதா. அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த ஆபீஸ் எது, எங்கே இருக்கிறது என்பதெல்லாம் வேண்டாம். வெளிநாட்டில் கல்யாணம் செய்தவர்கள் தங்கள் கணவனையோ மனைவியையோ இங்கே வைத்துக்கொள்ள விசா கேட்டு வருகிற இடம். அங்கே நான் தமிழுக்கும் மலாய்க்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவன். அவ்வளவு போதும்.

நான் பிரிக்பீல்ட்ஸ்காரன். அப்பா ரயில்வே. மலாய்ப் பள்ளியில் படித்து, கிளார்க்காகச் சேர்ந்து, 'இவனுக்கு ரெண்டு பாஷையும் வரும்' என்று யாரோ கைகாட்ட, மொழிபெயர்ப்பாளனாக ஆனேன். பயிற்சி என்று ஒரு மத்தியானம் கொடுத்தார்கள். அதிலும் பாதி நேரம் நாசி லெமாக் சாப்பிடுவதில் போனது. மீதியை எல்லாம் புவான் சல்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன்.

புவான் சல்மா என் மேலதிகாரி. மலாயில் புவான் என்றால் மேடம், என்சிக் என்றால் மிஸ்டர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. மேசையில் ஒரு சின்னத் தைலப் புட்டி, ஒரு பேனா, கேள்வித் தாள். எதிரே உட்காருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் மலாயில் "பசியாறியாச்சா?" என்றுதான் கேட்பார். அந்த ஒன்றுதான் தாளில் இல்லாத கேள்வி. நான் சேர்ந்த முதல் நாளே என்னிடம் சொன்னார்: "என்சிக் குணா, நீங்க ஒரு பைப். இந்தப் பக்கம் ஊத்தினது அந்தப் பக்கம் வரணும். பைப் சொந்தமா தண்ணி சேர்க்கக் கூடாது."

சேர்த்தால் என்ன ஆகும்? திட்ட மாட்டார். பேனாவின் மூடியை எடுத்து, மெதுவாக, 'டிக்' என்று மூடுவார். மூடி திறந்திருந்தால் நான் சொல்வது கணக்கில் சேரும். மூடிவிட்டால் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் சேராது. "புவான், அவங்க ஊர்ல அதுக்கு அர்த்தம் என்னன்னா..." என்று நான் ஆரம்பிப்பேன். டிக். எத்தனை டிக் வாங்கியிருப்பேன்! வீட்டில் என் மனைவி வசந்தா டப்பா மூடினால்கூட நான் பேச்சை நிறுத்திவிடுவேன்.

வேலை நடக்கும் முறை இதுதான். கணவனையும் மனைவியையும் பிரித்துவிடுவோம். ஒருவர் அறைக்குள் இருக்கும்போது மற்றவர் வெளியே கூடத்தில் காத்திருப்பார். இருவரிடமும் அதே கேள்விகள். காலையில் யார் முதலில் எழுந்திருப்பது, யார் எந்தப் பக்கம் படுப்பது, பல் துலக்கும் பிரஷ் என்ன நிறம். பதில்கள் ஒத்துப்போனால் உண்மையான கல்யாணம், ஒத்துப்போகாவிட்டால் விசாவுக்காகக் கட்டின பொய்க் கல்யாணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். நடக்கும்போதுதான் தெரியும் அதன் லட்சணம்.

ஒரு ஜோடி வந்தது. எல்லாப் பதிலும் அச்சு அசல் ஒத்துப்போனது. ஏதோ ஏஜெண்ட் எழுதிக் கொடுத்ததை இருவரும் மனப்பாடம் செய்திருந்தார்கள். ஆனால் அந்த ஆள் அவசரத்தில் மனைவிக்கு எழுதினதைப் படித்துவிட்டார் போலிருக்கிறது. "காலையில் எழுந்ததும் என்ன செய்வீங்க?" என்று கேட்டதற்கு, "தலைக்கு எண்ணெய் வச்சு ரெட்டை ஜடை பின்னிக்குவேன்" என்றார். சுத்தமான வழுக்கை. நான் பைப் அல்லவா, அப்படியே ஊற்றினேன். புவான் சல்மா அவருடைய தலையைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார். பிறகு, "என்ன சீப்பு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அந்த ஆள் அதற்கும் பதில் சொன்னார் பாருங்கள், அதுதான் திறமை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் வசந்தாவிடம் அதே கேள்விகளைக் கேட்டுப் பார்த்தேன். "என் பிரஷ் என்ன நிறம்?" நீலம் என்றாள். பச்சை என்றேன் நான். இருவரும் குளியலறைக்குப் போய்ப் பார்த்தால், பச்சை அவளுடையதாம். எத்தனை காலமாக அதில் துலக்கிக்கொண்டிருந்தேனோ! அவள் என்னைத் திட்டின திட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். புவான் சல்மாவின் மேசைக்கு முன்னால் நாங்கள் உட்கார்ந்திருந்தால் எங்களில் ஒருவரை அன்றைக்கே விமானம் ஏற்றியிருப்பார்கள்.

இனி நான் எழுத வந்த கேஸ்.

அது, கடலுக்கு அந்தப் பக்கம் எரிகிற காட்டின் புகை வந்து ஊரை மூடுகிற புகைமூட்டக் காலம். கிள்ளான் பக்கமெல்லாம் எதிரே வரும் லோரி தெரியாது. ஊரே மாஸ்க் போட்டுக்கொண்டு இருமிக்கொண்டிருந்தது. எங்கள் கூடத்தில் நம்பர் காட்டும் மிஷின் வேறு கெட்டுப்போய், கவுண்டரில் இருக்கிறவர்கள் ஆட்களைப் பேர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கத்துவார்கள், இருமுவார்கள், மறுபடி கத்துவார்கள்.

காலையில் நான் கூடத்தைக் கடந்து போகும்போது ஒருவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய உடம்பு, சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார், வியர்வை கொட்டியது. பேர் ஆறுமுகம். பண்டமாரானில் வீடு, துறைமுகத்துக் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். தங்கச்சிகளையெல்லாம் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வயது ஐம்பது. அறந்தாங்கிப் பக்கம் சொந்தத்தில் ஒரு பெண், அவளுக்கும் நாற்பது தாண்டிவிட்டது, முத்துலெட்சுமி என்று பேர். கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணே, ஒரு தடவ வேணாம்னு சொல்லிட்டாங்க. அவளோட விசிட் பாஸ் முடியப் போகுது, டிக்கெட்டும் போட்டாச்சு. இன்னைக்கும் முடியாதுன்னா ஏத்தி அனுப்பிடணும். இந்த வயசுல ஒருத்தி எனக்குன்னு வந்திருக்கா அண்ணே. அனுப்பிடாதீங்க" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும்தான். ஆனால் பைப்பிடம் அழுது என்ன பிரயோஜனம்?

முதல் தடவை ஏன் நிராகரித்தார்கள் என்று பழைய பைலைப் பார்த்தேன். அன்று நான் லீவு. சின்னச் சின்னக் கேள்விதானே என்று, வேறொரு அதிகாரி மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே மலாயில் கேட்டிருக்கிறார். முதல் கேள்வி, கணவர் பேர் என்ன. அதற்கு அந்தப் பெண் 'முருகன்' என்று சொன்னதாக எழுதியிருந்தது. புருஷன் பேரே தெரியாதவளுக்கு விசாவா? அதோடு முடித்துவிட்டார்கள்.

முத்துலெட்சுமி உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். புவான் சல்மா பேனா மூடியைத் திறந்தார். முதலில் அந்தப் பழைய விவகாரம். "போன தடவை ஏன் முருகன்னு சொன்னீங்க?"

"அந்த ஆபீசரு 'நாமா சுவாமி'ன்னு கேட்டாருண்ணே. சாமி பேரத்தான கேக்குறாக? எங்க குலசாமி முருகன். பரவால்ல, இந்த ஊரு ஆபீசுல சாமியெல்லாம் விசாரிக்கிறாகளேன்னு சந்தோசமாச் சொன்னேன்."

மலாயில் 'சுவாமி' என்றால் புருஷன். இதை நான் வார்த்தைக்கு வார்த்தை சொல்லி முடித்தபோது புவான் சல்மாவின் உதடு லேசாகத் துடித்தது. சிரிக்கவில்லை. "சரி, இப்பக் கேட்கிறேன். கணவர் பேர் என்ன?"

முத்துலெட்சுமி மேசையில் இருந்த பாஸ்போர்ட்டைக் காட்டினாள். "அதுல இருக்குண்ணே."

"வாயால சொல்லணும்."

அவள் என்னைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். "அஞ்சுக்கு அடுத்த நம்பரு. அப்புறம் மூஞ்சி."

நான் ஊற்றினேன். அஞ்சுக்கு அடுத்த நம்பர், மூஞ்சி. புவான் சல்மா எழுதப் போனவர் நிறுத்தி, "என்சிக் குணா, உங்களுக்கு உடம்பு சரியாத்தானே இருக்கு?" என்றார்.

"அவங்க சொன்னது அதுதான், புவான். புருஷன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு ஒரு பழக்கம்..."

டிக்.

"பழக்கம்னு நீங்க சொல்றீங்க. அவங்க சொல்லல. நாளைக்குப் பொய்யா ஒருத்தி வந்து, பேர் தெரியாம, பழக்கம்னு சொல்லுவா. அப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ரெட்டை ஜடைக்காரர் வந்து போன இடமல்லவா? நான் வாயை மூடிக்கொண்டேன். மூடி திறந்தது.

"வீட்டு நம்பர் என்ன?"

"இருபத்தஞ்சாம் நம்பர் இருக்குல்லண்ணே, அதுக்குப் பக்கத்து வீடு."

"இருபத்தஞ்சுல யார் இருக்கா?"

"ஒரு சீனக் குடும்பம். நல்ல மனுசங்க."

"நான் சீனக் குடும்பத்துக்கு விசா குடுக்கல. உங்க வீடு எது?"

"அதான் சொல்றேன்ல, இருபத்தஞ்சுக்கு அடுத்தது!"

"கணவர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார்?"

"அஞ்சரைக்கு எந்திரிப்பாக. அதுக்குமேல ஒரு அரை மணி நேரம் கழிச்சுக் கெளம்புவாக."

புவான் சல்மா விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்து எழுதினார். எனக்கு இப்போது விளங்கிவிட்டது. இந்தப் பெண்ணுக்குப் புருஷன் பேர் மட்டும் அல்ல, ஆறு என்கிற எண்ணே நாக்கில் வராது! வாரத்தில் எத்தனை நாள் வேலை என்று கேட்டால் 'ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு' என்பாள். மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன்.

பதற்றத்தில் இருக்கிறாளே என்று நினைத்தாரோ என்னவோ, புவான் சல்மா அன்று மறந்துபோயிருந்த தன் வழக்கமான கேள்வியை அப்போதுதான் கேட்டார். நான் சொன்னேன்: "பசியாறியாச்சான்னு கேக்குறாங்கம்மா."

அவள் முகம் சுருங்கியது. "சாப்புட்டேண்ணே."

இங்கே காலையில் சாப்பிடுவதைப் பசியாறுவது என்போம், சாப்பாடு என்றால் சோறு. "காலையிலேயே சோறா? பசியாறிட்டேன்னு சொல்லும்மா."

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லச் சொல்லாதீகண்ணே. அதுக்குள்ள அவுக பேரு இருக்கே."

பசி ஆறு. இருக்கிறதே ஐயா! இந்த ஊரில் பிறந்து இவ்வளவு காலம் பசியாறியிருக்கிறேன், எனக்குத் தோன்றினதில்லை. பாவம், பண்டமாரானில் தினமும் காலையில் பக்கத்து வீடு, எதிர்வீடு, பாசாரில் மீன்காரர் எல்லாரும் அவளிடம் இதைத்தானே கேட்பார்கள்? அவள் ஒவ்வொருவரிடமும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போக, 'ஊர்ல இருந்து வந்தவளுக்குத் திமிரைப் பாரு' என்று பேர் வாங்கியிருப்பாள்.

"கணவரை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்றார் புவான் சல்மா.

"கூப்புட மாட்டேன்."

"அவசரம்னா?"

"இருமுவேன்."

நான் சொன்னேன். புவான் சல்மா தைலப் புட்டியை எடுத்துத் தன் நெற்றியில் கொஞ்சம் தடவிக்கொண்டார். "இப்ப ஊரே இருமுது. இவங்களுக்கு நிஜமாவே இருமல் வந்தா, பாவம் அவர் ஓடி வருவாரா?"

"வர மாட்டாக. அது வேற இருமல்" என்றாள் முத்துலெட்சுமி, இதுகூடத் தெரியாதா என்கிற தோரணையில்.

புவான் சல்மா எழுந்துபோய் அறைக் கதவைத் திறந்து வைத்தார். கூடம் முழுக்கத் தெரிந்தது. "இவங்க சொல்லாததை நான் எழுத முடியாது. அவர் அங்கதான் இருக்கார். இவங்க ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டா போதும். கூப்பிடலைன்னா இதோட முடிஞ்சது. சொல்லுங்க என்சிக் குணா, அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். என் வேலையிலேயே வாய் கசந்த இடம் அது. முத்துலெட்சுமி கதவு வரைக்கும் போனாள். முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். "சொல்லலைன்னா ஏத்தி விட்ருவாங்களாண்ணே?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கத்தினாள்.

"ஆறுமுகம்!"

மூன்று பேர் எழுந்தார்கள். கைத்தடியோடு ஒரு தாத்தா. கதவோரம் நாற்காலியில் இருந்த காவலாளி, அவர் பேரும் அதுதான், எழுந்து "யெஸ்" என்றார். இன்னொருவன் கையில் பைல் வைத்திருந்த இளவட்டம், அவன் அப்பா பேர் ஆறுமுகம், அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்துவிட்டான். எங்கள் ஆள் மட்டும் இரண்டாவது வரிசையில் அசையாமல் உட்கார்ந்து, செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல யார் அவர்?" என்றார் புவான் சல்மா.

"மூணுமே இல்ல, புவான்."

"அப்ப அவர் எங்க?"

"அதோ உட்கார்ந்திருக்காரே, அவர்தான்."

"மனைவி கத்திக் கூப்பிடறா. புருஷன் திரும்பிக்கூடப் பார்க்கல." புவான் சல்மா மேசைக்குத் திரும்பினார். டிக். என் நெஞ்சுக்குள் கேட்டது அந்தச் சத்தம். எழுந்திரேன் மனுஷா என்று கத்த வேண்டும் போலிருந்தது. முத்துலெட்சுமி கண்ணைத் திறந்து பார்த்தாள். சொல்லக் கூடாத பேரையும் சொல்லியாயிற்று, அவர் வரவும் இல்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கதவைப் பிடித்துக்கொண்டு, தொண்டைக்குள், சின்னதாக இருமினாள்.

அந்தக் கூடத்தில் அப்போது இருமாதவர்கள் யார்? தாத்தா இருமினார், கவுண்டரில் இருமினார்கள், ஒரு குழந்தை விடாமல் இருமியது. அத்தனைக்கும் நடுவில் ஆறுமுகம் விருட்டென்று எழுந்தார். இரண்டு பேர் காலை மிதித்துக்கொண்டு நேரே கதவுக்கு வந்தார். "என்னாம்மா? ஏன் அழற? யாரு என்ன சொன்னாங்க?" என்றார். உள்ளே வர அனுமதி கேட்கவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை.

புவான் சல்மா கேட்டார்: "முதல்ல பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களே, கேட்கலையா?"

"கேட்டுச்சு. வேற யாரையோ கூப்புடறாங்கன்னு இருந்துட்டேன்" என்றார் ஆறுமுகம். "இவ என்னைய அப்படிக் கூப்புட மாட்டாளே லா."

வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

புவான் சல்மா பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்து, அதைத் தூக்கி மேசை ஓரமாக வைத்துவிட்டு, நீளமாக எழுதினார். ஆறுமுகத்திடம் தாளில் இருந்த எந்தக் கேள்வியையும் கேட்கவில்லை. விண்ணப்பதாரரின் அடையாளமும் தாம்பத்திய உறவும் இன்னின்ன வகையில் திருப்திகரமாக நிரூபணமானதால் இன்ன விதியின் கீழ் பரிந்துரைக்கப்படுகிறது என்று எழுதினதை வாசித்து, என்னைச் சொல்லச் சொன்னார்.

"ஊருக்குப் போக வேணாம்மா. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிருங்க" என்றேன்.

"அவ்வளவு நீளமா வாசிச்சேன். தமிழ்ல இவ்வளவுதானா?"

"தமிழ்ல சுருக்கமாத்தான் வரும், புவான்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடியைத் தொடவில்லை. வாசலில் கைத்தடித் தாத்தா இன்னும் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, என்னைக் கூப்பிட்டீங்களே, என் முறை வந்துருச்சா?" என்று கேட்டார். அவரை உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆறுமுகம் கீழே வண்டி எடுக்கப் போனார். முத்துலெட்சுமி மட்டும் படிக்கட்டுப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டாள். விசா கிடைத்தவளின் முகமாக இல்லை அது.

"அண்ணே, பேரச் சொல்லிப்புட்டேனே. அவுக ஆயுசுக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?"

நான் பெரிய பக்திமான் இல்லை. இந்த மாதிரிப் பயமெல்லாம் எனக்கு எரிச்சல். ஆனால் அவள் என் பதிலை வாங்காமல் படி இறங்குவதாக இல்லை. "நீ கூப்பிட்டப்ப அவர் எழுந்திரிச்சாராம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"எழுந்திரிச்சது யாரு?"

"அந்த மூணு பேரு."

"அப்ப அந்தப் பேர் அவங்களுக்குப் போயிருச்சு. இவர் மேல படவே இல்ல."

அவள் யோசித்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது, உடனே மறுபடி சுருங்கியது. "ஐயையோ, அப்ப அந்தத் தாத்தாவுக்கு ஒண்ணும் ஆயிராதே?"

"அவருக்கு நீ பொண்டாட்டி இல்லையேம்மா!"

அவள் சிரித்துவிட்டாள். அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்ந்து, கீழே புகைக்குள் பார்த்து இருமினாள். ஆள் தெரியவில்லை, வண்டியும் தெரியவில்லை. கீழேயிருந்து "இந்தா, வந்துட்டேன்!" என்று குரல் மட்டும் வந்தது.